படம் முடிந்த இடத்தில் கதை முடியவில்லை

புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் படம் பார்க்க வேண்டும் என்பார்கள். நம்மில் பலர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். அதில் தவறில்லை. ஆனால், படத்தோடு நின்றுவிட்டால் எதை இழக்கிறோம்? அதற்கு ‘ஏ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நல்ல சான்று.

1962-இல் இந்த நாவலை எழுதிய அந்தோணி பர்ஜஸ், நம் நாட்டை அறிந்த ஆங்கில எழுத்தாளர். 1954-இல் மலாயாவுக்கு வந்து, கோலகங்சார் மலாய்க் கல்லூரியிலும் பின்னர் கோத்தா பாருவிலும் கற்பித்தவர். தலைப்பிலுள்ள ‘ஆரஞ்ச்’, மனிதனைக் குறிக்கும் ‘ஓராங்’ என்ற மலாய்ச் சொல்லையும் நினைவூட்டுவதாக அவரே எழுதியிருக்கிறார். சாவி கொடுத்து ஓடவிட்ட மனிதன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கதை எதிர்காலத்தில் நடக்கிறது. 15 வயது அலெக்ஸ் கூட்டாளிகளோடு அடிதடி, கொள்ளை என்று திரிகிறான். சிறையில் அவனுக்கு ஒரு சிகிச்சை அளிக்கிறார்கள். அதன்பின் வன்முறையை நினைத்தாலே அவனுக்குக் குமட்டுகிறது. அவன் நல்லவனாகவில்லை, கெட்டது செய்ய முடியாதவனாகிறான், அவ்வளவுதான்.

1971-இல் ஸ்டான்லி குப்ரிக் இதைப் படமாக்கினார். படத்தின் முடிவில் சிகிச்சையின் பிடி விலகி, அலெக்ஸ் பழைய குணத்துக்கே திரும்புகிறான். ‘இவன் திருந்தமாட்டான்’ என்ற எண்ணத்தோடு நாம் எழுந்து போகிறோம்.

நாவலில் மொத்தம் 21 அத்தியாயங்கள். அமெரிக்கப் பதிப்பாளர் கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டார். படமும் அந்தப் பதிப்பையே பின்பற்றியது. விடுபட்ட அத்தியாயத்தில் அலெக்ஸுக்கு வயது 18. திருமணமாகி அமைதியாக வாழும் பழைய கூட்டாளி ஒருவனைச் சந்திக்கிறான். தனக்கும் மனைவி, பிள்ளை வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. எந்தச் சிகிச்சையும் இல்லாமல், வளர்ச்சியே அவனை மாற்றத் தொடங்குகிறது. 21 என்பது மனிதன் முதிர்ச்சியடையும் வயதைக் குறிக்கும் எண் என்று பர்ஜஸ் விளக்கினார். 1986-இல் அமெரிக்கப் பதிப்பிலும் அந்த அத்தியாயம் சேர்க்கப்பட்டது.

படத்தை முதலில் பார்ப்பதில் ஒரு நன்மையும் உண்டு. ரஷ்யச் சொற்களைக் கலந்து பர்ஜஸ் உருவாக்கிய கொச்சை மொழியில்தான் அலெக்ஸ் கதை சொல்கிறான். படத்தில் அதைக் காதால் கேட்டவர்கள் நாவலின் முதல் பக்கங்களில் அதிகம் தடுமாறமாட்டார்கள். ஆனால், கொடூரக் காட்சிகள் நிறைந்த இப்படம் பிள்ளைகளுக்கானது அன்று.

நூலை வாங்கும்போதோ நூலகத்தில் எடுக்கும்போதோ 21 அத்தியாயங்கள் உள்ளனவா என்று பாருங்கள். வழிதவறிய பையனை ‘இனி தேறமாட்டான்’ என்று கைகழுவுவது எளிது. பர்ஜஸ் அவனுக்காக இன்னும் ஓர் அத்தியாயம் எழுதினார்.