கொற்கை முத்தைச் சரியாக எழுதியவர் யார், தெரியுமா?

வண்ணார்பேட்டை பேராத்துச்செல்வி அம்மன் கோயில் படித்துறையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறதே தாமிரபரணி, அது கடலில் கலக்கும் சீமையைப் பற்றி 1,900 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்கள் எழுதிவைத்தார்கள் என்பது தெரியுமா? எழுதியவர்களில் யாரை நம்பலாம் என்று தங்களுக்குள் பெரிய வழக்கே நடத்தினார்கள் என்பதாவது தெரியுமா?

முதலில் மெகஸ்தனிஸ். கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரிடம் தூதராக வந்தவர். தென்னாட்டுக்கு அவர் வந்ததற்குச் சான்றில்லை. ஆனாலும் எழுதினார்! ஹெராக்ளிஸ் என்ற வீரனுக்கு ஒரே மகள், பெயர் பாண்டையா. அவள் ஆண்ட நாட்டுக்கும் அதே பெயர். தகப்பன் கொடுத்த படை 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள். மகள் அணிந்துகொள்ள அவன் கடல் முத்தையெல்லாம் சேர்த்தானாம்! சிப்பிகளுக்குத் தேனீயைப் போல ராஜா உண்டாம், அதைப் பிடித்துவிட்டால் மற்றவை தானாக வலையில் விழுமாம்! பாண்டிய நாட்டை ஆண்ட ஒரே மகள் என்றதும் நமக்கு மதுரை மீனாட்சியான தடாதகைப் பிராட்டி நினைவுக்கு வராமல் இருப்பாரா?

இந்தக் கதையை நமக்குக் காப்பாற்றித் தந்தவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க எழுத்தாளர் ஆரியன். அந்நாட்டுப் பெண்களுக்கு ஏழு வயதில் மணப்பருவம் வந்துவிடும் என்ற இடத்தில் அவரே நின்று, ஹெராக்ளிஸ் கதையைச் சந்தேகிக்கிறார். கேள்விப்பட்டதை எழுதுவது என் கடமை, நம்புவது கடமையில்லை என்று அவருக்கும் 600 ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டுப் போனவர் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அடுத்து வந்த துசிடிடிஸ் கட்டுக்கதைக்கு இடமே கொடுக்கவில்லை.

வரலாறு எழுதுவது எப்படி என்று லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளர் ஒரு தனி நூலே எழுதினார்! அதில் நம் முசிறித் துறைமுகத்தின் பெயர் வருகிறது, தெரியுமா? ரோம் பார்த்தியர்களோடு போரிட்ட காலம். இனிமேல் நடக்கப்போகும் இந்தியப் படையெடுப்பைக்கூட ஒருவர் முன்கூட்டியே வரலாறாக எழுதக் கிளம்பிவிட்டார். இந்த ஆசிரியர் சீக்கிரமே முசிறியிலிருந்து நமக்குக் கடிதம் போடுவார் என்று லூசியன் அவரைக் கிண்டலடிக்கிறார். வரலாற்றாசிரியனுக்குப் பயமோ தயவோ கூடாது, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதே அவர் கட்சி.

புவியியல் எழுதிய ஸ்ட்ராபோ இன்னும் கடுமையானவர். இந்தியாவைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் பொய்யர்கள் என்றார்; மெகஸ்தனிஸும் அந்தப் பட்டியலில் உண்டு. எகிப்திலிருந்து கப்பலேறி இங்கே வந்த வியாபாரிகளையோ, படிப்பறிவில்லாதவர்கள், இடங்களின் வரலாற்றுக்கு உதவமாட்டார்கள் என்று ஒதுக்கினார்.

அங்கேதான் இருக்கிறது ஆச்சரியம்! கி.பி. முதல் நூற்றாண்டில், அப்படிப்பட்ட வியாபாரி ஒருவர் ‘செங்கடல் வழிப்பயண நூல்’ எழுதினார். பெயர்கூடத் தெரியாது. அவர் ஹெராக்ளிஸை இழுக்கவில்லை, சிப்பி ராஜாவைத் தேடவில்லை. குமரியில் மக்கள் நீராடி நோன்பிருக்கிறார்கள், அங்கிருந்து ‘கொல்கோய்’ வரை தெற்குச் சீமை, அங்கே முத்துக் குளிப்பு, முங்குபவர்கள் தண்டனைக் கைதிகள், ஆள்பவன் பாண்டியன். இவ்வளவுதான் எழுதினார். எந்தத் துறையில் என்ன கிடைக்கும், யார் ஆட்சி என்பது தப்பினால் சரக்கே போய்விடும்; அதனால்தான் அவர் கணக்கு இத்தனை சுத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எவ்வளவு பெரிய மேதை ஸ்ட்ராபோ, ஆனாலும் இந்த இடத்தில் வியாபாரியே ஜெயித்தார்!

கொல்கோய் எது? நம் கொற்கைதான். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றில் இந்தப் பயண நூலையும் கிரேக்கப் புவியியலாளர் தாலமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதினார். அங்கே தோண்டியும் பார்த்தார்! ஆறு கொட்டிய வண்டலால் கடல் சில கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது, இன்று ஏரல் பக்கம் போனால் துறைமுகத்தின் சாயலே தெரியாது. ஆனால் தமிழகத் தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து வந்தவை என்ன தெரியுமா? அறுத்த சங்குத் துண்டுகளும் முத்துச் சிப்பிகளும்!