பதவி வந்தது, பயம் போகவில்லை

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, படித்து, கோலாலம்பூரில் அதிகாரியாகிவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். பதவி உயர்வு வந்த நாள் முதல் அவருக்குக் கலக்கம்: "ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டோம். ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்."

அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் இருவரும் 1978-இல் விவரித்தது இந்த எண்ணத்தைத்தான். 150-க்கும் மேற்பட்ட சாதனைப் பெண்களிடம் அதைக் கண்டார்கள். பட்டமும் பாராட்டும் சேர்ந்தும் அது விலகவில்லை. இது நோயல்ல, ஆனால் தூக்கமே கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நல்ல 'கோச்' வெறுமனே முதுகில் தட்டிக்கொடுப்பதில்லை. முடித்த வேலைகளை எழுதச் சொல்வார். ஒவ்வொன்றிலும் உழைப்பு எவ்வளவு, பிறர் உதவி எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரிக்கச் சொல்வார். எழுதிப் பார்த்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆங்கிலம் தடுமாறுகிறதா? அது பழகினால் சரியாகும் குறை. போலி என்பதற்குச் சாட்சியல்ல.

கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. யாத்திராகமத்தில் மோசே, தனக்குப் பேச வராது என்று பின்வாங்குகிறார். கடவுள் அவரது நாவன்மையைப் புகழவில்லை. உடனிருப்பதாக வாக்களித்து, அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தருகிறார்.

பின்னர் அதே மோசே, மக்களின் வழக்குகளைக் காலை முதல் மாலைவரை தனியாளாக விசாரிக்கிறார். தம்மை நிரூபிக்க எல்லா வேலையையும் தாமே இழுத்துப் போட்டுக்கொள்ளும் அதிகாரிகளுக்கு இந்தக் காட்சி புரியும். "இப்படியே போனால் களைத்துவிடுவாய், பொறுப்பைப் பகிர்ந்து கொடு" என்ற பொருளில் அவருக்கு யோசனை சொன்னவர் மாமனார் எத்திரோ. ஜெபம் இருக்க கோச் எதற்கு என்று கேட்பவர்கள், யாத்திராகமத்தின் 18-ஆம் அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம்.