அரை கிராம் கணக்கு

 

“மிஷினுக்குக் கண்ணா இருக்கு? காசு மாதிரி எதைப் போட்டாலும் பொருளைக் கொடுத்துடாதா, அண்ணே?” என்று, காசு போட்டால் பொருள் தரும் இயந்திரத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் கேட்டான். நல்ல கேள்வி. உலகத்தில் பலர் அதைக் கேட்டார்கள். சிலர் செய்தும் பார்த்தார்கள்.

அந்தக் காலத்துக் கடைக்காரர் சந்தேகம் வந்தால் காசைச் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் கல்லாவுக்குள் போகும், மொத்தென்றால் திரும்பி வரும். கூடவே கொடுத்தவரின் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்குத் தெரிந்தவை சில கேள்விகள்தான். அவை என்னவென்று கண்டுபிடித்தவன் ஏமாற்றுவான். ஏமாந்தவர் இன்னொரு கேள்வியைச் சேர்ப்பார். இந்தத் தொழிலின் வரலாறு முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது.

ஆரம்பத்தில் இருந்தது ஒரே கேள்வி. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோன், கோயிலில் தீர்த்தம் தரும் பெட்டி ஒன்றை விவரித்திருக்கிறார். ஐந்து திராக்மா காசைப் போட்டால் அது உள்ளே ஒரு தட்டில் விழும். தட்டு தாழும்போது நெம்புகோலின் மறுமுனை அடைப்பைத் தூக்கும், தண்ணீர் வரும். காசு சரிந்து விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். எடை போதுமா என்பது மட்டுமே அதன் கேள்வி. அதே எடையுள்ள ஈயத் துண்டுக்கும் தீர்த்தம் கிடைத்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சூயிங்கம், குளிர்பானம், சிகரெட் என்று எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்தபோது கூடவே ‘ஸ்லக்’ வந்தது. காசின் அளவுக்கு வெட்டிய மலிவு உலோக வில்லைக்கு அதுதான் பெயர். வாஷரைப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அதனால் இயந்திரத்துக்குள் வரிசையாகச் சோதனைச் சாவடிகள் வைத்தார்கள். விட்டம் சரியில்லாவிட்டால் காசு வழியிலேயே கீழே விழும். நடுவில் ஓட்டை இருந்தால் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். சின்னத் தராசு எடை பார்க்கும். இரும்பாக இருந்தால் காந்தம் இழுத்துவிடும்.

அந்தக் காந்தத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. செம்பும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் காந்தத்தைத் தாண்டி உருளும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதன் வேகத்தையே குறைக்கும். எந்த உலோகம் எவ்வளவு தாமதமாகும் என்பது முன்கூட்டியே தெரியும். சரியான வேகத்தில் வரும் காசு குதித்து விழும் இடத்தில் மட்டும் உண்டியலுக்கு வழி வைத்தார்கள். சுண்டிப் பார்க்கும் வேலையை இயந்திரம் கற்றுக்கொண்டது இப்படி. 1965-இல் அமெரிக்கா வெள்ளிக் காசைக் கைவிட்டபோது, நடுவில் செம்பும் இருபுறமும் செம்பு-நிக்கலும் வைத்த புதுக் காசைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், நாடெங்கும் இருந்த இயந்திரங்கள் அதை வெள்ளிக் காசைப் போலவே ஏற்றுக்கொண்டதுதான்.

இனி ஜப்பானுக்கு வருவோம். இந்தக் கதையின் உச்சம் அங்கேதான்.

1982 ஏப்ரலில் ஜப்பான் 500 யென் காசை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் தென்கொரியா 500 வான் காசை வெளியிட்டது. இரண்டுக்கும் விட்டம் 26.5 மில்லிமீட்டர். இரண்டிலும் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். யென் 7.2 கிராம், வான் 7.7 கிராம். வித்தியாசம் வெறும் அரை கிராம்.

மதிப்பில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 1997-இன் ஆசிய நிதி நெருக்கடியில் வான் சரிந்தபின், 500 வான் காசின் மதிப்பு ஏறக்குறைய 50 யென். பத்தில் ஒரு பங்கு.

வான் காசிலிருந்து அந்த அரை கிராமைக் குடைந்தெடுத்து, 500 யென் என்று இயந்திரத்தில் போட ஆரம்பித்தார்கள் சிலர். அப்படி மாற்றப்பட்ட ஒரு காசைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் சிறகு விரித்துப் பறக்கும் கொக்கு, மறுபக்கம் 500 என்ற எண். அதன்மேல் டிரில் முனை பதித்த சின்னச் சின்னக் குழிகள். மறுபக்கம் வரை போகாத குழிகள். அங்கிருந்து சுரண்டியெடுத்த உலோகம்தான் அந்த அரை கிராம். மனிதர் கையில் கொடுத்தால் ஒரு நொடியில் பிடிபடும் காசு அது. இயந்திரம் கொக்கைப் பார்ப்பதில்லை. யென் காசின் விளிம்பில் பொறித்த எழுத்தைப் படிப்பதும் இல்லை.

அதைப் போட்டுப் பானம் வாங்கியவர்களைவிடத் தந்திரமான கூட்டம் ஒன்று இருந்தது. அன்றைய பல இயந்திரங்களில், காசைப் போட்டுவிட்டு வேண்டாமென்று நெம்புகோலைத் திருப்பினால், போட்ட அதே காசு வராது. உள்ளே அடுக்கி வைத்திருக்கும் வேறொரு 500 யென் காசு வரும். குழிக் காசு உள்ளே போகும், நல்ல காசு கைக்கு வரும். பொருளே வாங்க வேண்டாம்.

தொல்லை தாங்காமல் பல இயந்திரங்களில் 500 யென் காசை ஏற்பதையே நிறுத்தினார்கள். கடைசியில் காசையே மாற்ற வேண்டியதாயிற்று. 2000 ஆகஸ்டில் வந்த புதிய 500 யென்னில் செம்பு 72, துத்தநாகம் 20, நிக்கல் 8 சதவீதம். எடை 7 கிராம். மின்சாரத்தை அது கடத்தும் அளவே மாறியதால் வான் காசை எவ்வளவு குடைந்தாலும் அதனோடு பொருந்தாது. மனிதக் கண்ணுக்காக விளிம்பில் சாய்ந்த வரிகளும், சாய்த்துப் பார்த்தால் பூஜ்யத்துக்குள் தெரியும் மறை எழுத்தும் சேர்ந்தன. 2021 நவம்பரில் இரண்டு நிறக் காசாக அது இன்னொரு முறை மாறியது.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: இயந்திரத்துக்குக் கண் கிடையாது, நாம் சொல்லிக்கொடுத்த கேள்விகள் மட்டும் உண்டு. ஆனால், மாலையில் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணுகிறவருக்குக் கண் உண்டு. கொக்கு போட்ட குழிக் காசைக் கையில் எடுத்துப் பார்த்தது அவர்தான். அதற்கு ஈடாகப் போன 500 யென்னும் அவருடையதுதான்.