மழையும் மிதிவண்டியும்

ஹாலந்தில் வேலை பார்த்தபோது டெல்ஃப்ட் நகரிலிருந்து ஹேக் நகருக்கு நாள்தோறும் சைக்கிளில் போய் வந்தேன். ஒரு வழி ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நவம்பர் மாதத் தூறலைக் கண்டு, நம் ஐப்பசி அடைமழைக்கு இது எம்மாத்திரம் என்று எண்ணிவிட்டேன்.

அங்கே ஆளை வாட்டுவது மழையன்று; காற்று. உடலைச் சுற்றியுள்ள மெல்லிய வெப்பப் போர்வையை அது பறித்துக்கொண்டு போகிறது. காற்றே வீசாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் நாமே அதை உண்டாக்கிக் கொள்கிறோம்; 5 டிகிரிக் குளிர் ஏறத்தாழ 1 டிகிரி போல் உறைக்கும். இதற்கு அஞ்சிக் கனத்த மழைக்கோட்டை மாட்டினேன். அங்கேதான் வினை வந்தது! உள்ளே வியர்த்துக் கொட்டியது. வண்டியை நிறுத்தியதும் நனைந்த பருத்திச் சட்டை உடற்சூட்டையெல்லாம் உறிஞ்சியது. கம்பளி உள்ளாடை ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். அதுவே சரியான உடை.

ஒரு நாள் விரல்கள் மரத்துப்போய், பிரேக்கை அழுத்தினேனா இல்லையா என்பதே தெரியவில்லை. அழுத்தினாலும் ரப்பர்க் கட்டை முதலில் சக்கர விளிம்பின் நீரைத் துடைக்கும், பிறகே பிடிக்கும். அதற்குள் முன்சக்கரம் டிராம் தண்டவாள இடுக்கில் இறங்கிவிட்டது. விழுந்தேன். பின்னால் வந்த டிராமின் ஓட்டுநர் விழிப்பாக இருந்தார், பிழைத்தேன். தண்டவாளத்தை நேர்குறுக்காகவே கடக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

அவ்வூர்ச் சைக்கிள்கள் பலவற்றில், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். மழை அதைத் தீண்டாது, விரலும் வேண்டாம். அடுத்த வாரமே அத்தகைய பழைய வண்டியொன்றை வாங்கினேன். உறைபனிக் காலையில் கால்வாய்ப் பாலங்களில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். அடியிலும் குளிர்காற்றுப் படுவதால் சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும்.