எலியின் சாட்சியம்

தாய்க்குத் தீங்கு செய்யாத மருந்து கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கும் தீங்கு செய்யாதென்ற எண்ணம் வைத்தியர்களிடத்தும் ஜனங்களிடத்தும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அது எத்துணைக் கொடிய பிழை என்பதைத் தாலிடோமைட் என்னும் மருந்து உலகிற்குக் காட்டிற்று. 1957-ம் வருஷத்தில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்தை நித்திரைக்கும், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்து வந்தார்கள். பெரும் அளவில் கொடுத்தும் எலிகள் மாளாமையால், இதனால் அபாயமில்லை என்று விளம்பரம் செய்தார்கள். 1961-ம் வருஷ இறுதியில், கைகால் குறைந்து குழந்தைகள் பிறப்பதற்கு இதுவே காரணமென்று ஜெர்மனியில் லென்ஸும், ஆஸ்திரேலியாவில் மக்பிரைடும் எச்சரித்தனர். அதற்குள் 10,000-க்கு மேற்பட்ட சிசுக்கள் ஊனமுற்றன என்று மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவிலோ, பிரான்ஸிஸ் கெல்ஸி என்ற பெண்மணி போதிய ருசு கேட்டு அனுமதி தர மறுத்தமையால் எண்ணற்ற குடும்பங்கள் தப்பின.

மாண்டதா, பிழைத்ததா என்று மட்டும் எலியைக் கேட்டது போதாதென்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. 1966-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கென முறைகளை வகுத்தது. எலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 நாள். கரு கருப்பையில் ஒட்டும் ஆறாம் நாள் முதல் மேலண்ணம் மூடும் பதினேழாம் நாள் வரை, மூன்று கூட்டங்களுக்கு மூன்று அளவுகளில் மருந்து கொடுக்கப்படும். நான்காவது கூட்டத்திற்கு மருந்தே இல்லை. ஈனுவதற்கு ஒரு நாள் முன்னரே வயிற்றைத் திறந்து குட்டிகளை எடுத்துவிடுவார்கள். ஏனெனில், ஊனமுற்ற குட்டியைத் தாயெலி தின்றுவிடுவதுண்டு, சாட்சியம் அழிந்துபோகும். பின்னர் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து, எலும்புகளுக்குச் சிவப்புச் சாயமேற்றி ஒவ்வொன்றாக நோக்குவார்கள்.

ஆயினும், எலியின் வாக்கு ஒன்றே போதுமா? போதாது. தாலிடோமைடைச் சினையெலிக்குக் கொடுத்தாலும் மனிதச் சிசுவுக்கு நேர்ந்த ஊனம் அதன் குட்டிகளிடம் தோன்றுவதில்லை. முயலிடத்திலோ தோன்றுகிறது. இம்மருந்து பற்றிக்கொள்ளும் ஸெரப்ளான் என்னும் புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2010-ல் கண்டறிந்தனர். சுண்டெலியின் புரதம் நமதினின்றும் சற்றே வேறுபடுகிறது. அவ்வேற்றுமைக்கும் அதைக் காப்பதில் பங்குண்டு. ஆதலின் எலியோடு முயலையும் சேர்த்து இரண்டு ஜாதிப் பிராணிகளில் சோதிப்பது வழக்கமாயிற்று. இதற்கு மாறாகக் கார்ட்டிஸோன் சுண்டெலிக் குட்டிகளில் அண்ணப் பிளவை எளிதில் உண்டாக்குகிறது, மனிதரிடத்தில் அவ்வாறில்லை. குற்றவாளியை விடுவிப்பதும், குற்றமற்றவர்மேல் பழி சுமத்துவதும் இச்சாட்சிக்கு இயல்பே.

சாட்சி மெய்யுரைத்தும் பயனின்றிப் போனதுமுண்டு. முகப்பருவுக்கான ஐஸோட்ரெட்டினாய்ன் 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அது கருவைச் சிதைக்குமென்று பிராணிச் சோதனைகள் முன்னமே அறிவித்திருந்தன. கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாதென்று எச்சரிக்கையும் அச்சிட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. காகிதத்திலிருந்த எச்சரிக்கை, மருந்தை உட்கொண்ட பெண்ணின் காதுக்கு எட்டவில்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே: எலி பிழைத்ததென்பதை அபயப் பத்திரமாக எந்த வியாபாரியும் காட்டலாகாது. விற்பனைக்கு வந்த பின்னரும், மருந்துண்ட தாய்மாரின் பிரசவ விவரங்களைத் தொடர்ந்து திரட்ட வேண்டும். அதே சமயம், அச்சத்தால் வலிப்பு நோய் மருந்தைத் தானாகவே நிறுத்தும் கர்ப்பிணி, தனக்கும் சிசுவுக்கும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறாள். தெரிந்ததையும் தெரியாததையும் மறைக்காமல் அவளுக்கு எடுத்துரைப்பது வைத்தியரின் கடமை. அதைக் கேட்டறிவது அவளுடைய உரிமை.