கப்பலில் எல்லோரும் தீயணைப்புக்காரர்!

கப்பற்படையில் சேருகிறவர்கள் என்ன கற்பார்கள்? பீரங்கி சுடுவார்கள், நீந்துவார்கள் என்று நினைப்போம். அமெரிக்கக் கப்பற்படையில் தீயணைக்கவும் கற்றாக வேண்டும். சமையற்காரர், கணக்கு எழுதுகிறவர், முடி வெட்டுகிறவர், யாருக்கும் விலக்கு இல்லை!

இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 134 உயிர்களைக் கொடுத்த பிறகு வந்தது.

ஒன்றரை நிமிடம்

1967 ஜூலை 29. வியட்நாம் போர் நடந்த சமயம். டோங்கின் வளைகுடாவில் 'பாரஸ்டல்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் இருந்தது. கப்பலா அது? மிதக்கும் ஊர்! சுமார் 5 ஆயிரம் பேர் அதில் இருந்தார்கள். மேல்தளத்தில் விமானங்கள் வயிறு நிறைய எண்ணெயும், இறக்கையில் குண்டுகளுமாகப் புறப்படத் தயாராக நின்றன.

காலை 11 மணி ஆகப் போகிறது. மின்சாரக் கோளாறால் ஒரு விமானத்தில் இருந்த ராக்கெட் தானாகப் பாய்ந்தது. எதிரே நின்ற விமானத்தின் எண்ணெய்த் தொட்டி உடைந்தது. எண்ணெய் தளத்தில் ஓடித் தீப்பற்றியது.

தீயணைப்புப் பிரிவின் தலைவர் ஜெரால்டு பேரியர் ஓடி வந்தார். காப்பு உடை மாட்டக்கூட நிற்கவில்லை. கையில் சிறிய தீயணைப்புக் கருவி ஒன்றுதான். தீயில் கிடந்த ஒரு குண்டை நோக்கிப் போனார். அது சூடேறி வெடிக்காமல் தடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அது பழைய குண்டு. வெப்பம் தாங்காது. தீப்பிடித்த ஒன்றரை நிமிடத்தில் வெடித்தது. பேரியரும் அவருடைய ஆட்களில் பெரும்பாலோரும் அங்கேயே மாண்டார்கள்.

நுரையும் தண்ணீரும்

தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். தெரியாதவர்கள் குழாயைத் தூக்கினார்கள். அவர்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. குண்டுகளை உருட்டிக் கடலில் தள்ளியவர்கள் அவர்கள்!

ஆனால் தைரியம் மட்டும் போதுமா? எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது அடுப்படியில் பழகியவர்களுக்குத் தெரியும். எரியும் எண்ணெயை நுரையால் போர்வை போல் மூட வேண்டும். ஒரு கூட்டம் அப்படித்தான் நுரையைப் பீய்ச்சியது. பக்கத்தில் நின்ற இன்னொரு கூட்டம் கடல் தண்ணீரைப் பாய்ச்சி, அந்த நுரையை அடித்துத் தள்ளிவிட்டது! எரியும் எண்ணெய், வெடியில் விழுந்த ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கியது. அங்கே, இரவு வேலை பார்த்த மாலுமிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில்தான் தீ முழுதும் அணைந்தது. 161 பேர் காயமடைந்திருந்தார்கள்.

மேல்தளத்தில் இருந்த காமிரா இந்தக் கொடுமையைப் படம் பிடித்துவிட்டது. அந்தப் படத்தைப் புது மாலுமிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு குழாயைக் கையில் கொடுத்தார்கள். தண்ணீரின் வேகம் ஆளையே பின்னால் தள்ளும். அதனால் பலர் ஒருவர் பின் ஒருவராக நின்று பிடிக்க வேண்டும். முன்னால் நிற்பவர் விழுந்தால், பின்னால் நிற்பவர் அவர் இடத்துக்கு வர வேண்டும். நார்போக் நகரில் உள்ள தீயணைப்புப் பள்ளிக்குப் பேரியரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அழுத்தாத பொத்தான்

இத்தனைக்கும் பிறகு மறதி வருமா? வந்தது!

2020 ஜூலையில் சான்டியாகோ துறைமுகத்தில் 'பானோம் ரிச்சர்ட்' என்ற கப்பல் பழுது பார்க்க நின்றது. அதில் தீப்பிடித்தது. நுரை பொழியும் ஏற்பாடு கப்பலிலேயே இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்பது விசாரிக்கப்பட்ட மாலுமிகளில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை!

நான்கு நாளுக்கு மேல் கப்பல் எரிந்தது. நல்ல வேளை, உயிர்ச் சேதம் இல்லை. கப்பல் பழைய இரும்பு விலைக்குப் போனது.