வட அத்திலாந்து ஒப்பந்தமும் படைத் திட்டமும்

வட அத்திலாந்து ஒப்பந்தம் என்பது 1949 ஏப்ரல் 4 அன்று வாசிங்டன் நகரில் 12 நாடுகள் கையெழுத்திட்ட கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஆகும். நேட்டோ அமைப்பு இதிலிருந்தே உருவானது. கையெழுத்தான நாளில் இக்கூட்டணிக்கெனப் பொதுவான படைத் தலைமையோ போர்த் திட்டமோ இல்லை. அவை உருவாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

பின்னணி

1948 பிப்ரவரியில் செக்கோசிலோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினர். மார்ச் 17 அன்று பிரித்தானியா, பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவை பிரசெல்சு ஒப்பந்தம் செய்துகொண்டன. போரால் நலிந்திருந்த இந்நாடுகளுக்கு அமெரிக்காவின் துணை தேவைப்பட்டது. ஜூன் மாதம் சோவியத் ஒன்றியம் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்தது. ஜூலையில் வாசிங்டனில் பேச்சுவார்த்தை தொடங்கியது.

ஐந்தாம் பிரிவு

தாக்கப்பட்டால் அமெரிக்கப் படை தாமதமின்றி வரும் என்ற உறுதியை ஐரோப்பிய நாடுகள் விரும்பின. ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின்படி போர் அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. எனவே ஐந்தாம் பிரிவு இரு பகுதிகளாக அமைந்தது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் அனைத்து நாடுகள் மீதான தாக்குதலாகக் கருதப்படும். ஆயினும் ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையையே எடுக்கும். படைபலத்தைப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும்.

எவ்வளவு படை, எங்கே, யார் தலைமையில் என்று ஒப்பந்தம் கூறவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு படைத் திட்டத்துக்கு வந்தது. இதற்காகவே ஒன்பதாம் பிரிவு, ஒரு மன்றத்தையும் பாதுகாப்புக் குழுவையும் அமைக்க வழிசெய்தது.

திட்டமும் நிதியும்

ஒப்பந்தம் 1949 ஆகஸ்ட் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 17 அன்று மன்றம் முதன்முறையாகக் கூடியது. பாதுகாப்பு அமைச்சர்களின் குழு, படைத் தலைவர்களின் குழு, ஐந்து வட்டாரத் திட்டக் குழுக்கள் ஆகியவை அமைக்கப்பட்டன.

அக்டோபரில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம், இந்நாடுகளின் படை உதவிக்கென 100 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 90 கோடி டாலருக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஒருங்கிணைந்த பாதுகாப்புத் திட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். இதனால் திட்டப் பணி விரைவு பெற்றது. டிசம்பரில் பாதுகாப்புக் குழு பொது உத்தியை ஏற்றது. 1950 ஜனவரியில் ட்ரூமன் ஒப்புதல் அளித்தார்.

ஒரே தலைமை

1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. ஐரோப்பாவிலும் இவ்வாறு நேரலாம் என்ற அச்சம் எழுந்தது. டிசம்பரில் ஐசனோவர் ஐரோப்பாவுக்கான கூட்டணிப் படைகளின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். 1951 ஏப்ரல் 2 அன்று அவரது தலைமையகம் பிரான்சில் செயல்படத் தொடங்கியது.

பிற்காலம்

ஐந்தாம் பிரிவு முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னரே. அப்போதும் எவ்வகை உதவி தருவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்தது. இப்பிரிவு எந்த நாட்டையும் தானாகவே போரில் இறக்கிவிடும் என்று எண்ணுவது தவறு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.